82.5 கோடி டாலர் எத்தனை வாரம் தாங்கும்?

அமெரிக்காவின் யுனைடெட் ஆட்டோ வொர்க்கர்ஸ் (யு.ஏ.டபிள்யூ.) தொழிற்சங்கத்தில் 1979இல் சுமார் 15 லட்சம் உறுப்பினர்கள் இருந்தனர். 2009இல் சுமார் 3,55,000 பேர். சரிவு 76 சதவீதம். 2022இல் சுமார் 3,83,000 ஆக ஏறிய எண்ணிக்கை, 2023இல் சுமார் 3,70,000 ஆக இறங்கியது.

மாதச் சந்தா, 1967 முதல் 2014 வரை 2 மணி நேரச் சம்பளம். 2014 ஜூன் மாநாடு அதை 2.5 மணி நேரமாக்கியது. உயர்வு 25 சதவீதம். கூடுதல் அரை மணி நேரச் சம்பளம் வேலைநிறுத்த நிதிக்கு. அனைவரும் இதே முறையில் செலுத்துவதாகக் கொண்டால், 1979இல் மாத வரவு 30 லட்சம் மணி நேரச் சம்பளம்; 2023இல் 9.25 லட்சம். சந்தா உயர்ந்த பிறகும் வரவு முந்தையதில் 31 சதவீதமே.

2023 செப்டம்பரில் வேலைநிறுத்த நிதியின் இருப்பு சுமார் 82.5 கோடி டாலர். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெலான்டிஸ் நிறுவனங்களில் மொத்தம் 1,46,000 உறுப்பினர்கள். அனைவரும் வேலையை நிறுத்தினால், வாரம் 500 டாலர் உதவித்தொகை வீதம் வாரத்துக்கு 7.3 கோடி டாலர் வேண்டும். மருத்துவக் காப்பீட்டைச் சேர்க்காமலே இருப்பு 11.3 வாரத்தில் தீரும். 2018இன் 200 டாலர் வீதத்தில் அதே தொகை 28.3 வாரம் வந்திருக்கும்.

செப்டம்பர் 15 அன்று 3 ஆலைகளில் சுமார் 13,000 பேர் மட்டுமே வேலையை நிறுத்தினர். வாரச் செலவு 65 லட்சம் டாலர். அந்த அளவில் நிதி 126 வாரம் தாங்கும். பிறகு ஆலைகள் படிப்படியாகச் சேர்ந்தன. சுமார் 6 வாரத்தில், 2028 ஏப்ரல் வரையிலான 25 சதவீத அடிப்படைச் சம்பள உயர்வுக்கு உடன்பாடு கிடைத்தது. சந்தா சம்பளத்தோடு இணைந்திருப்பதால் தலைக்கு வரவும் அதே விகிதத்தில் கூடும்.

சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் இருவர் சிறை சென்ற முறைகேட்டில் 10 லட்சம் டாலருக்கு மேல் கையாடப்பட்டது. நிதி இருப்போடு ஒப்பிட்டால் 10 லட்சம் என்பது 0.12 சதவீதம்தான். ஆனால் அது 2,000 தொழிலாளரின் ஒரு வார உதவித்தொகை. சிறிய தொகை என்று அதை ஒதுக்க முடியாது.

2024 பிப்ரவரியில், சங்கம் இல்லாத ஆலைகளில் சங்கம் அமைக்க 2026 வரை 4 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஏப்ரலில் சாட்டனூகா நகர ஃபோக்ஸ்வாகன் ஆலையில் சங்கத்தில் சேர்வதை 2,628 பேர் ஆதரித்தும் 985 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். ஆதரவு 73 சதவீதம். அங்கு வாக்குரிமை பெற்றோர் சுமார் 4,300 பேர். 2023இல் மட்டும் குறைந்த உறுப்பினர்கள் சுமார் 13,000. அந்த ஓராண்டு இழப்பை ஈடுகட்டவே இத்தகைய 3 ஆலைகள் வேண்டும்.