வெள்ளம் பறித்த சொந்த மைதானம்... புனேவில் அடித்த 3 கோல்!

2015 டிசம்பர். இரும்புலியூரை அடுத்த முடிச்சூரில் மக்களைப் படகுகளில் மீட்டார்கள். அதே மாதம்தான் சென்னையின் எஃப்.சி-க்கு ஐ.எஸ்.எல் அரையிறுதி.

தென் அமெரிக்காவின் ரெக்கோபா கோப்பை இறுதிப்போட்டியைப்போல, இதுவும் இரண்டு ஆட்டங்கள் கொண்டது. சொந்த ஊரில் ஒன்று, எதிரணியின் ஊரில் ஒன்று. மொத்த கோல்கள்தான் கணக்கு. சொந்த ஊர் ஆட்டத்தில் ரசிகர்களின் ஆரவாரமே பெரிய பலம். வெள்ளத்தால் அந்த ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது.

ஆனாலும், நடப்பு சாம்பியன் கொல்கத்தாவை அங்கே 3-0 என வீழ்த்தியது சென்னை. அடுத்து கொல்கத்தாவில் 1-2 எனத் தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2. டிசம்பர் 20-ல் நடந்த இறுதிப்போட்டியில், கொலம்பிய வீரர் மெண்டோசா இன்ஜுரி டைமில் அடித்த கோலால் கோவாவை 3-2 என வென்றது.

வீட்டுச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த ஊருக்கு, முதல் ஐ.எஸ்.எல் கோப்பை வந்தது!