தொண்டை நோவும் மருந்துக்கடையும்

பிள்ளைக்குத் தொண்டை நோகிறதென்றால் வளைகுடா நாடுகளில் எம்மவர் பலர் முதலில் போவது டொக்டரிடமல்ல, வீட்டுக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடைக்குத்தான். கிளினிக்கில் காத்திருந்தால் அரை நாள் வேலை போய்விடும், காசும் போகும். கடையில் ஐந்து நிமிடத்தில் அலுவல் முடிந்துவிடும். நான் டொக்டரல்ல, தொழிற்சாலையில் வேலை செய்பவன். ஆனாலும் புதிதாகக் குடும்பத்தைக் கூப்பிட்டவர்கள் இந்த விடயத்தை அறிந்திருக்க வேண்டும்.

வாயைத் திறந்து பார்த்தால் தொண்டையின் இரு பக்கமும் தெரியும் சிறு சதைகளே ரொன்சில். அவற்றில் கிருமி தொற்றினால் சிவந்து வீங்கும், விழுங்க முடியாது, காய்ச்சல் வரும், தாடைக்குக் கீழே நெறி கட்டும். ஐஸ்கிரீமாலும் ஏ.சி.யாலும் வந்தது என்போம். ஏ.சி. தொண்டையைக் காயவைத்து நோவைக் கூட்டலாம், ஆனால் நோயைத் தருவது கிருமியே. இருமலாலும் எச்சில் பட்ட கோப்பையாலும் அது பரவும். ஒரு வில்லாவை நாலு குடும்பங்கள் பகிர்ந்திருக்கும் இடத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் வர அதிக நாள் எடுக்காது.

பெரும்பாலான தொண்டை நோவு வைரஸ் கிருமியால் வருவது. தடிமனும் இருமலும் சேர்ந்திருந்தால் அநேகமாக அதுதான். ஒரு கிழமையில் தானாக மாறும். அன்ரிபயோட்டிக் அதற்கு ஒன்றும் செய்யாது. பிள்ளைகளில் பத்துப் பேருக்கு இரண்டு மூன்று பேருக்கு மட்டும் ஸ்ரெப்ரோகொக்கஸ் என்ற பக்ரீரியா காரணமாகும். கண்ணால் பார்த்து மட்டும் இதைப் பிரித்தறிய முடியாது. தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவிச் செய்யும் சோதனையில் சில நிமிடங்களில் தெரியும்.

சோதனை இல்லாமலே மருந்து விற்கப்பட்டதுதான் இந்த நாடுகளின் பழைய கதை. றியாத் நகரின் 327 மருந்துக்கடைகளில் நடந்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. ஆய்வாளர்கள் தொண்டை நோவு போன்ற வருத்தங்களைச் சொல்லி மருந்து கேட்டார்கள். நான்கில் மூன்றுக்கும் அதிகமான கடைகள் டொக்டரின் துண்டு இல்லாமலே அன்ரிபயோட்டிக் கொடுத்தன. 2018 முதல் சவூதியில் சட்டம் இறுக்கப்பட்டது. எமிரேற்றிலும் துண்டு இல்லாமல் விற்பது சட்டப்படி பிழை. ஆனால் ஊரிலிருந்து பெட்டியில் வரும் குளிசைக்கும் அறைத்தோழர் தரும் மிச்சக் குளிசைக்கும் எந்தச் சட்டம்?

மிச்சக் குளிசை ஏன் ஆபத்து? ஸ்ரெப்ரோகொக்கஸ் என்றால் பெனிசிலின் அல்லது அமொக்ஸிசிலின் வழமையாகப் பத்து நாள் கொடுக்கப்படும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், பிள்ளை ஓடி விளையாடும், போத்தலும் குளிர்சாதனப் பெட்டியின் மூலைக்குப் போய்விடும். கிருமி முழுதாகச் சாகாவிட்டால் இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு மூட்டுகள் வீங்கி வாதக் காய்ச்சல் வரும், அது இதய வால்வைக் கெடுக்கும். மாதாமாதம் பெனிசிலின் ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைகளை ஊரில் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே டொக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நோவுக்கும் காய்ச்சலுக்கும் நிறைக்கு ஏற்ற அளவில் பரசிற்றமோல் போதும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் வேண்டாம். கஞ்சி, சூப், கொத்தமல்லித் தண்ணீர், பெரிய பிள்ளைக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு எல்லாம் நல்லது. குளிர்ந்த பானம் கேட்டாலும் கொடுக்கலாம், அது நோவை ஆற்றும். ஆனால் வாய் திறக்க முடியாமல், எச்சிலை விழுங்க முடியாமல் வடித்தால், மூச்சு இழுத்தால், ஒரு பக்கம் மட்டும் வீங்கிக் குரல் மாறினால் விடியும்வரை காத்திராதீர்கள். எமிரேற்றில் அம்புலன்ஸ் 998.

காப்புறுதி அட்டையை முதலிலேயே பாருங்கள். அபுதாபியிலும் டுபாயிலும் மனைவி பிள்ளைகளுக்குக் காப்புறுதி எடுப்பது விசாவுக்குப் பொறுப்பானவரின் கடமை. ஷார்ஜா, அஜ்மான் பக்கம் 2025 ஜனவரியில் வந்த சட்டம் தனியார் துறைத் தொழிலாளர்களையும் வீட்டுப் பணியாளர்களையும் பற்றியது. அங்கே பிள்ளைக்கு நீங்களே விசாரித்து எடுக்க வேண்டியிருக்கும்.

லீவில் ஊருக்குப் போகும்போது ரொன்சிலை வெட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வருடத்தில் ஏழு முறை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து ஐந்து முறை, அல்லது மூன்று வருடம் மூன்று முறை வந்தால்தான் அதைப்பற்றி டொக்டர்கள் பொதுவாக யோசிப்பார்கள். வந்த திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.