மனித மாண்பின் வேர் எது?

இறைவனின் சாயலாகவே மனிதன் படைக்கப்பட்டான் என்பது கிறிஸ்தவ விசுவாசம். அதனை அகற்றிவிட்டால் மனித மாண்பு அடித்தளமற்ற வெறுஞ்சொல்லாகிவிடும் என வாதிடுவோர் உளர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கிண்ணியாவில் நின்று நோக்கினால் இவ்வாதம் வேறுவிதமாகத் தோன்றும்.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கிண்ணியா வைத்தியசாலையையே அழித்தபோது, மரணித்தோரை நல்லடக்கம் செய்வது உயிர்தப்பியோரின் முதற்கடமையாயிற்று. பதினாறு ஆண்டுகளின் பின் அக்கடமையை அரசே தடுத்தது. கொவிட் தொற்றினால் இறந்தோரை எரிக்கவேண்டும் என 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. அடக்கமும் செய்யலாம் என்றே உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்த மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1 இல் நிராகரித்தது. பிறந்து இருபது நாட்களேயான சிசுவின் உடலும் எரிக்கப்பட்டது. அதனையடுத்துப் பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெண்துணிகளைக் கட்டினர். கட்டியோர் அனைவரும் ஒரே வேதத்தை ஓதுபவர்களல்லர்.

ஆதமின் மக்களை இறைவன் கண்ணியப்படுத்தியதாகத் திருக்குர்ஆனின் 17 ஆம் அத்தியாயமும் கூறுகின்றது. ஆகவே, மாண்பின் வேர் ஒரு மதத்துக்கு மட்டும் உரியதன்று. 1948 இல் மனித உரிமைகள் பிரகடனத்தை வரைந்தபோது இறைச்சாயல் என்னும் கருத்தையும் சேர்க்கவேண்டும் எனப் பிரேசில் முன்மொழிந்து, பின்னர் கைவிட்டது. சீனப் பிரதிநிதி சாங் முதலானோர், எல்லா நாகரிகங்களும் ஏற்கத்தக்க சொற்களையே நாடினர். அது சமரசமே எனினும், பலவீனமன்று.

விசுவாசம் மட்டுமே மாண்பைக் காத்துவிடும் என்பதற்கும் திருகோணமலையே மறுப்பாக நிற்கின்றது. கோணேஸ்வர ஆலயத்தை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், இறைச்சாயலை நம்பியவர்களே.

எனினும், மத நம்பிக்கையை வேண்டாத சுமையென ஒதுக்கவும் நாம் ஒருப்படோம். நீதிமன்றம் கைவிட்ட பின்னரும் ஜனாஸாவுக்காக மக்களை உறுதியுடன் நிற்கவைத்தது அந்நம்பிக்கையே. தனிமனிதன் தன் உறுதியை வேதத்திலிருந்து பெறலாம். பல மதத்தினர் வாழும் நாட்டின் சட்டமோ, அவ்வேதத்தை ஏற்காதவனையும் அதே அளவுக்குக் காக்கவேண்டும். பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கும் எமது அரசியலமைப்பின் கீழ் இது மேலும் அவசியமாகின்றது.

2021 பெப்ரவரியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அவர்களருகிலேயே உறங்குகின்றனர்.