ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படிக்கலாம்... ஆனா கிரெடிட் கைக்கு வருமா?

நெய்வேலி சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை வெட்டும் ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்கள் ஜெர்மன் தொழில்நுட்பத்தில் வந்தவை. சென்னை ஐஐடி 1959-ல் உருவானதும் அன்றைய மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான். எனவே பண்ருட்டி, நெய்வேலி பக்கம் இன்ஜினீயரிங் படிக்கும் ஒருவருக்கு, ‘ஒரு செமஸ்டர் மட்டும் ஜெர்மனியில் படிச்சுட்டு வரலாமா?’ என்று தோன்றினால் ஆச்சரியமில்லை. 1765-ல் தொடங்கிய ஃப்ரைபெர்க் சுரங்கவியல் பல்கலைக்கழகமே அங்கேதான் இருக்கிறது.

படிக்கலாம். இதற்குப் பெயர் ஸ்டூடண்ட் எக்ஸ்சேஞ்ச். டிகிரி இங்கேதான், நடுவில் ஒன்றிரண்டு செமஸ்டர் மட்டும் அங்கே. பலரும் விசாவைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உண்மையான கேள்வி வேறு: அங்கே பாஸ் செய்த பேப்பர் இங்கே மார்க்‌ஷீட்டில் ஏறுமா? ஏறாவிட்டால், திரும்பி வந்து விட்டுப்போன பேப்பர்களை எழுத வேண்டும். டிகிரி ஒரு வருடம்கூட தள்ளிப்போகலாம்.

யாரிடம் கேட்பது?

டிகிரி கொடுப்பது பல்கலைக்கழகம். அதனால் இறுதி முடிவும் அதனுடையதே. பண்ருட்டியில் உள்ள பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. அங்கே படிப்பவருக்கு ஹெச்.ஓ.டி ‘சரி’ சொன்னால் மட்டும் போதாது, பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் வேண்டும். இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கும் இதே கதைதான்.

முதலில் பார்க்க வேண்டியது, இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்கிறதா, அது தன் கல்லூரிக்கும் பொருந்துமா என்பதை. எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தம் இருந்தால், பொதுவாக ஃபீஸை இங்கே கட்டினால் போதும்; அங்கே டியூஷன் ஃபீஸ் இருக்காது.

கிரெடிட் கணக்கு எப்படி?

ஐரோப்பாவில் ஒரு கல்வியாண்டுக்கு 60 கிரெடிட். இதை இசிடிஎஸ் என்கிறார்கள். இந்தியாவின் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஓராண்டுக்கு 40. அதாவது 3-க்கு 2 என்ற விகிதம். அங்கே 6 கிரெடிட் பேப்பர், இங்கே சுமார் 4. ஆனால் இது தோராயக் கணக்குதான். சிலபஸ் எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்து, சொந்தப் பல்கலைக்கழகம் தருவதுதான் கணக்கு.

இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ‘ட்வின்னிங்’ படிப்புகளுக்கு யுஜிசி 2022-ல் விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி வெளிநாட்டில் வாங்கும் கிரெடிட் மொத்தத்தில் 30 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 160 கிரெடிட் படிப்பு என்றால் 48 வரை.

மார்க்கிலும் ஒரு குழப்பம் உண்டு. ஜெர்மனியில் 1.0 தான் டாப், 4.0 ஜஸ்ட் பாஸ், 5.0 ஃபெயில். ‘1.3 வாங்கியிருக்கேன்’ என்று போனில் சொன்னால் வீட்டில் பதறிவிடுவார்கள்! கிரேடை எந்த முறையில் மாற்றுவார்கள் என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

காலண்டர் தரும் தலைவலி

அங்கே குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை போகும். கோடை செமஸ்டர் ஏப்ரல் முதல் ஜூலை வரை. இங்கே ஒற்றைப்படை செமஸ்டர் நவம்பர், டிசம்பரில் முடிந்துவிடும். அதனால் ஒரு செமஸ்டருக்குப் போனால் இங்கே இரண்டு செமஸ்டரில் இடிக்கலாம். கேம்பஸ் பிளேஸ்மென்ட் நான்காம் ஆண்டுத் தொடக்கத்திலேயே சூடுபிடித்துவிடும் என்பதால், மூன்றாம் ஆண்டுதான் பலருக்கும் வசதி. ஒரு விஷயம்: அரியர் இருந்தால் தேர்வாவது கஷ்டம்.

செலவு எவ்வளவு?

டியூஷன் ஃபீஸ் இல்லை என்றாலும் தங்குமிடம், சாப்பாடு, டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாம் சொந்தச் செலவு. ஜெர்மன் மாணவர் விசாவுக்கு மாதம் 992 யூரோ என்ற கணக்கில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே சுமார் 6 லட்சம். சாதாரணக் குடும்பத்துக்கு இது பெரிய தொகை.

இதற்கு ஒரு வழி, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் ப்ளஸ் உதவித்தொகை. எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைப் படிப்புக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரு செமஸ்டர் போய்வரும் திட்டத்துக்கு சொந்தப் பல்கலைக்கழகம் வழியாகத்தான் போக முடியும். கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் போன்ற ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்களும் உண்டு. அனுபவம் கிடைக்கும், ஆனால் அவை செமஸ்டர் பேப்பருக்கு மாற்று இல்லை.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

* எந்த வெளிநாட்டுப் பேப்பர், இங்கே எந்தப் பேப்பருக்குப் பதில் என்று எழுதிய ‘லேர்னிங் அக்ரிமென்ட்’. மாணவர், இரு பல்கலைக்கழகங்கள் என மூன்று தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.
* அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க், விட்டுப்போகும் தேர்வுகள் என்ன ஆகும் என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில்.
* அங்கே ஒரு பேப்பர் ஃபெயில் ஆனாலோ, சேர இடம் கிடைக்காவிட்டாலோ என்ன செய்வது என்ற மாற்றுத் திட்டம்.

அங்கே போன பிறகு பேப்பரை மாற்றினால் அக்ரிமென்டையும் உடனே திருத்தி, மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். திரும்பும்போது அதிகாரபூர்வ ட்ரான்ஸ்கிரிப்டும் சிலபஸ் நகலும் அவசியம்.

இதற்கெல்லாம் பல மாதங்கள் ஆகும். மூன்றாம் ஆண்டில் போக நினைப்பவர், இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் பிரிவுக்கு ஒரு மெயில் போடுவது நல்லது. டிக்கெட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்!