எழுத்தைப் பெருக்கிக் காட்டும் தொலைக்காட்சி

துணியின் தரத்தை அறிய விரும்பும் நெசவாளர் இழை எண்ணும் கண்ணாடியைத் துணியின்மேல் வைத்து, ஓர் அங்குலத்துக்குள் பாவு நூல் எத்தனை, ஊடை நூல் எத்தனை என்று கணக்கிட்டு விடுகிறார். சிறு வில்லை பெருக்கிக் காட்டுகிறது. அவருடைய நல்ல கண் பார்த்துக்கொள்கிறது. ஆனால் மூக்குக் கண்ணாடி அணிந்தும் எழுத்துத் தெரியாத அளவுக்குக் கண் மங்கியவர்க்கு அத்தகைய வில்லை போதுமா? பெரும்பாலும் போதாது. ஏன் போதாதென்பதையும், அக்குறையைத் தீர்க்கத் தொலைக்காட்சி எவ்வாறு துணையாக வந்ததென்பதையும் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

பார்வையுள்ளவர், பார்வையற்றவர் என்று இரண்டே வகையாகப் பிரித்துப் பேசி நாம் பழகிவிட்டோம். இவ்விரண்டுக்கும் இடையே குறைபார்வையினர் என்று ஒரு வகுப்பினர் உள்ளனர். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இயன்ற திருத்தமெல்லாம் செய்த பின்னும் நல்ல கண்ணின் பார்வை 6/18 முதல் 3/60 வரை உள்ளவரை இவ்வகுப்பில் சேர்க்கிறது. சாதாரணக் கண் 18 மீட்டர் தொலைவில் படிக்கும் எழுத்தைப் படிக்க, 6 மீட்டர் அளவுக்கு நெருங்கி வரவேண்டியவருடைய பார்வையே 6/18 என்பது. பார்வைப் புலம் மிகக் குறுகியவரையும் அச்சட்டம் இதில் அடக்குகிறது.

இவர்கள் தெருவில் தாமே நடப்பார்கள். வாசலில் ஆள் நிற்பதை அறிவார்கள். ஆனால் பாஸ் புத்தகத்தில் எழுதிய தொகை தெரியாது. 'நடக்கத் தெரிகிறது, படிக்க மட்டும் தெரியவில்லையோ?' என்று அறியாதார் ஐயுறுவதும் உண்டு. கணக்கு மேசையின் முன் நிற்கும் முதியவர், பிறர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்திட்டுப் போவதை நாம் கண்டிருக்கிறோம். படித்துச் சொல்பவர் எவ்வளவு நம்பிக்கைக்கு உரியவராயினும், தம் கடன் கணக்கைத் தாமே படிப்பதற்கு அது ஈடாகாது. பூச்சி மருந்துப் புட்டியில் அச்சிட்ட அளவையும் காலாவதித் தேதியையும் படிக்க இயலாத விவசாயிக்கு நேரக்கூடியதோ பணநஷ்டம் மட்டுமன்று.

இனி வில்லையின் எல்லையைப் பார்ப்போம். பெருக்கும் ஆற்றல் கூடக்கூட வில்லையைப் பொருளுக்கு நெருக்கமாகப் பிடிக்கவேண்டும். பத்து மடங்கு பெருக்கும் வில்லையைக் காகிதத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டரில் வைத்து, கண்ணையும் அதனருகே கொண்டுபோக வேண்டும். முகத்தின் நிழல் காகிதத்தில் விழும், ஒரு நேரத்தில் சில எழுத்துகளே தெரியும், கழுத்து வலிக்கும். வில்லைக்கும் காகிதத்துக்கும் நடுவே பேனா நுழைய இடமில்லாததால் எழுதுவது அரிது. படிப்புக்கு ஓரளவு உதவும் கருவி கையெழுத்தைக் கைவிட்டுவிடுகிறது.

தொலைக்காட்சியைக் கொண்டு இதனைத் தீர்க்கலாம் என்பது புதிய எண்ணமன்று. 1959 இலேயே பாட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் தொலைக்காட்சிப் படிப்புக் கருவி ஒன்றைப் பற்றிக் கண் மருத்துவ ஏட்டில் எழுதினர். எனினும் இதனை நாள்தோறும் பயன்படும் பொருளாக்க உழைத்தவர்களுள் முன்னிற்பவர் சாமுவேல் ஜெனன்ஸ்கி. பிறந்தவுடன் கண்ணில் தவறான மருந்து இடப்பட்டதால் பார்வையின் பெரும்பகுதியை இழந்தவர் அவர். பள்ளியில் கரும்பலகையை இருகண் தொலைநோக்கியால் பார்த்துப் படித்துக் கணித அறிஞரானார். கலிபோர்னியாவில் சாண்டா மோனிகா நகரிலுள்ள ராண்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியபோது, கணினிச் செய்திகளைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்தனுப்பும் முறையை வகுத்த பால் பாரன் முதலிய தோழர்களுடன் சேர்ந்து இக்கருவியை உருவாக்கி, 1968 இல் அறிக்கை வெளியிட்டார். பிறகு 1978 இல் குறைபார்வையினருக்கென்றே அந்நகரில் ஒரு நிலையம் அமைத்தார். தேவைப்பட்டவரே செய்துகொண்ட கருவியாதலால் அதில் எழுதுவதற்கும் இடம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கருவியின் அமைப்பு எளியது. மேலே ஒரு காமிரா கீழ்நோக்கிப் பார்க்கிறது. அடியில் நான்கு பக்கமும் நகரும் மேடையில் புத்தகத்தை வைக்கிறோம். எதிரே உள்ள திரையில் எழுத்து பெரிதாகத் தோன்றுகிறது. காமிராவுக்கும் மேடைக்கும் இடையே ஓரடி அளவு இடைவெளி இருப்பதால், கையைக் கீழே வைத்து எழுதலாம். ஊசியில் நூல் கோக்கலாம். அறுந்த இழையை முடியலாம். கண் திரையைப் பார்க்க, கை கீழே வேலை செய்யும். முதல் நாள் கை தடுமாறும். பழகப் பழக நேராகும்.

படிக்கும் முறை நாடா ஓடுவதை ஒத்தது. கண்ணை ஓட்டாமல் காகிதத்தை ஓட்டுகிறோம். மேடையை இடப்பக்கம் தள்ளத் தள்ள, வரி திரையில் ஊர்ந்து செல்லும். வரி முடிந்ததும் நேரே கீழ்வரிக்குத் தாவினால் இடம் தவறும். வந்த வரியிலேயே தொடக்கத்துக்குத் திரும்பி, அதன்பின் ஒரு வரி இறங்கவேண்டும்.

எத்தனை மடங்கு வைப்பது? மிகப் பெரிதாக வைப்பதே நல்லதென்று புதியவர்கள் எண்ணுவர், அது தவறு. மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள எழுத்தை இருபது மடங்கு பெருக்கினால் ஆறு சென்டிமீட்டராகும்; 48 சென்டிமீட்டர் அகலமுள்ள திரையில் எட்டு எழுத்துகளே அடங்கும். ஒரு நேரத்தில் நான்கு எழுத்தேனும் தெரியாவிட்டால் படிக்கும் வேகம் குன்றுமென்று ஆங்கில எழுத்துகளைக் கொண்டு 1985 இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. தமிழ்ச் சொற்கள் நீண்டவை. ஆகவே நமக்கு இன்னும் சில எழுத்துகள் தெரிவது நல்லதென்பது என் கருத்து. தெளிவாகத் தெரியும் அளவுகளுள் மிகச் சிறியதே ஏற்றது.

இக்கருவியில் மற்றொரு வசதி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து மாறி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகத் தோன்றும். கருவிழியோ கண் வில்லையோ கலங்கியவர்க்கு, வெள்ளைத் தாளின் மிகுந்த ஒளி கண்ணுக்குள் சிதறி எழுத்தை மறைக்கிறது. தாளைக் கருமையாக்கினால் சிதறுவதற்கு ஒளி குறைவு. வில்லையால் செய்ய இயலாத வேலை இது.

எல்லோருக்கும் இது பொருந்துமா என்றால், பொருந்தாது. ஒளியே தெரியாதவர்க்கு இதனால் பயனில்லை. கண்ணின் நடுப்பார்வை கெட்டவர்க்குப் பெருக்குதல் மிகவும் உதவும். கண் அழுத்த நோயால் புலம் குறுகி, குழாய் வழியே பார்ப்பதுபோல் பார்ப்பவர்க்கோ, பெருக்கினால் எழுத்து அக்குழாயை விட்டு வெளியேறிவிடும். கண்புரையாயின் அறுவைச் சிகிச்சையே முதல் வழி. நீரிழிவால் விழித்திரை கெடத் தொடங்கியவர் சிகிச்சையை விட்டுவிட்டுக் கருவி தேடுவது பெரும் பிழை. இருக்கும் பார்வையும் போய்விடும். எனவே கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவில் சோதித்து, அங்கேயே கருவியைப் பழகிப் பார்த்த பின்னரே வாங்கவேண்டும்.

இன்று கையில் பிடிக்கும் சிறு கருவிகளும் வந்துள்ளன. மேசைக் கருவியின் விலை ஒரு குடும்பத்துக்குச் சுமைதான். பாவு ஓட்டும் இயந்திரத்தைச் சேர்ந்து வாங்கியவர்கள் இதையும் சேர்ந்து வாங்கிச் சங்க அலுவலகத்திலோ நூலகத்திலோ வைத்தல் கூடாதா? நிர்வாகக் குழு இதனை எண்ணிப் பார்க்கலாம். அதுவரை கைப்பேசியே உதவும். அதன் காமிராவும் பெருக்கிக் காட்டும். பல பேசிகளில் உருப்பெருக்கி என்ற செயலியும் உண்டு. கையில் பிடித்தால் நடுங்கும். ஆகையால் தச்சரிடம் சொல்லி ஒரு சாண் உயரத்தில், மேற்பலகையில் துளையிட்ட சிறு முக்காலி செய்து, துளைக்கு நேரே காமிரா வரும்படி பேசியைப் படுக்கவைத்து, பாஸ் புத்தகத்தை அடியில் நகர்த்தலாம். விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். நேர்மேலே வைத்தால் பளபளப்பான தாளில் ஒளி பட்டு எழுத்து அழிந்துபோகும். தொடக்கத்தில் செய்தித்தாளின் தலைப்புகளை மட்டும், ஒரு வேளைக்குக் கால்மணி நேரத்துக்கு மேற்படாமல், படித்துப் பழகுவது போதும்.