மூச்சு சீராகும், மூக்கு மாறுமா?

மூக்குத்தண்டு வளைந்திருக்கிறது, அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னதும் பலர் மனதில் எழுகிற, ஆனால் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வி இது: முகம் மாறிவிடுமா? கல்யாணப் பேச்சு நடக்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம், சிகிச்சையே தள்ளிப்போகும். இந்தப் பயத்தால் வருடக்கணக்கில் வாயால் மூச்சுவிட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டு அடைப்பை இன்னும் மோசமாக்கிக்கொள்பவர்களும் உண்டு. வளைந்த தண்டை நேராக்கும் சாதாரண செப்டோபிளாஸ்டியில் வெளித்தோற்றம் பொதுவாக மாறுவதில்லை. மாறக்கூடிய அறுவைகள் வேறு. அவை எவை என்பது மேசையில் படுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

காரணம் மூக்கின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. தண்டு என்பது இரு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள சுவர். அதன் முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. இந்தச் சுவர் முழுவதும் மூக்கைத் தாங்குவதில்லை. இடப்பக்கம் பார்க்கும் முகத்தைப் பக்கவாட்டில் நினைத்துக்கொண்டு, அதன்மேல் ‘ட’ என்ற எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மூக்குமேட்டை ஒட்டி ஒரு கை, நுனியிலிருந்து மேலுதட்டை நோக்கி இறங்கும் இன்னொரு கை. நடுமேடும் நுனியும் சரியாமல் நிற்பது இந்தச் சட்டத்தின் பலத்தில்தான். அறுவை மருத்துவர் துவாரத்துக்குள்ளேயே கீறி, உட்சவ்வை உரித்து விலக்கி, சட்டத்துக்குப் பின்னால் வளைந்திருக்கும் பகுதியை மட்டும் எடுப்பார் அல்லது நேராக்குவார். இரு கைகளிலும் குறைந்தது 1 செ.மீ. அகலம் மிச்சம் வைப்பது பாலபாடம். வெளியே தழும்பும் இருக்காது. பக்கச்சுவரில் புடைத்திருக்கும் டர்பினேட்டைச் சுருக்கும் அறுவைக்கும் வடிவத்துக்கும் சம்பந்தமே இல்லை.

“எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு அறுவைக்குப் பிறகு மூக்கு அமுங்கிப்போனதே?” என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரீர், கில்லியன் என்ற மருத்துவர்களின் பெயரோடு பரவிய முறையில் குருத்தெலும்பைப் பெருமளவு வெட்டி எடுத்தார்கள். விளிம்புச் சட்டம் மெலிந்துபோன இடங்களில் நடுமேடு உள்வாங்கிக் குதிரைச் சேணம்போல் ஆனது. இன்றைய முறை கொஞ்சமாக எடுப்பது, எடுத்ததையும் முடிந்தால் நேராக்கித் திரும்ப வைப்பது. ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. நுனிக்குச் சற்று மேலே லேசான பள்ளம் அபூர்வமாக விழலாம். ஆனால் மூக்கு அமுங்க அறுவையே தேவையில்லை. பந்து பட்டு மூக்கினுள் ரத்தம் கட்டினாலே போதும். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்குச் சத்து வரவேண்டும். இடையில் தேங்கும் ரத்தம் அந்த வழியை அடைக்க, சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழுகத் தொடங்கும். அடிபட்ட பிள்ளைக்கு ரத்தம் வடிவது நின்றதும் ஐஸ் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறோமே, அதுதான் என் வருத்தம். இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தோற்றம் மாறும் அறுவைக்கு வருவோம். மூக்கின் மிகக் குறுகிய இடம் வால்வு. நடுச்சுவரும் பக்கக் குருத்தெலும்பும் சேரும் அந்தக் கோணம் வெறும் 10 முதல் 15 பாகை. மூச்சை இழுக்கும்போது அது ஒட்டிக்கொண்டால் தண்டை நேராக்கி மட்டும் பயனில்லை. கன்னத்தை விரலால் வெளிப்புறமாக இழுத்துப் பாருங்கள். சட்டென்று காற்று தாராளமாகப் போனால் சிக்கல் வால்வில் இருக்கலாம். அப்போது நடுமேட்டின் இருபுறமும் குருத்தெலும்புத் துண்டுகளைச் செருகி அகலப்படுத்துவார்கள். 1984-இல் அறுவை மருத்துவர் ஜாக் ஷீன் விவரித்த முறை அது. நடுமூக்கு இதனால் மில்லிமீட்டர் கணக்கில் அகலும். வெளிமூக்கே கோணியிருந்தால் அதையும் சேர்த்து நிமிர்த்தாமல் மூச்சு முழுதாகச் சீராகாது. இதை அழகு சிகிச்சை என்று ஒதுக்குவது சரியல்ல. வடிவம் இங்கே மூச்சின் ஒரு பகுதி. அதே சமயம், மூச்சுக்காகப் போனவரிடம் நுனியையும் செதுக்கிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், அது மூச்சுக்கு எதற்கு என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், தண்டு மட்டுமா, வால்வுமா, வெளி எலும்பைத் தொடுவீர்களா என்று கேளுங்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் இரண்டு என்று புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் மூக்கு முன்பே கொஞ்சம் கோணல் என்பது பலருக்கு அந்தப் படத்தில்தான் தெரியவரும்.