நெப்போலியனை ஓட வைத்த பிடில்

பிடில் என்றவுடன் நம் கண்முன் நிற்பது கச்சேரி மேடை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாத்தியத்தின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கும் வித்வான். அமெரிக்காவில் கெண்டக்கி மலைப் பிரதேசத்தில் அதே வாத்தியத்துக்கு வேறு வேலை. ஊரார் கூடி நடனமாடும் இரவுகளில் பக்கவாத்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பிடில்காரர்தான். காலால் தரையைத் தட்டித் தாளத்தையும் அவரே போட்டுக்கொள்வார்.

அந்த மலைகளில் ஒரு மெட்டு உண்டு. 'போனபார்ட்டின் பின்வாங்கல்' என்று பெயர். நெப்போலியனுக்கும் கெண்டக்கிக் குடியானவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கடல் கடந்து குடியேறியவர்களோடு மெட்டுகளும் வந்தன. வந்த இடத்தில் புதுப் பெயர்களையும் சூட்டிக்கொண்டன. தோற்ற படை திரும்பும் காட்சி அல்லவா? பலர் இதை நிதானமாக, சோகம் தோயத்தான் வாசிப்பார்கள்.

1937-ம் வருஷம் அக்டோபரில் ஆலன் லோமாக்ஸ் என்பவர், மனைவி எலிஸபெத்துடன், வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப் பாடல்களைச் சேகரித்துக்கொண்டு கெண்டக்கியில் திரிந்தார். கூடவே இசைத்தட்டு பதிவு செய்யும் யந்திரம். ஸேலியர்ஸ்வில் என்ற சிற்றூரில் அதன் முன் பிடிலை எடுத்தவர் வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப். வயது அறுபதுக்கு மேல்.

அந்தத் தட்டைக் கேட்டால் முதலில் காதில் விழுவது கரகரப்பு. பொறுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து ஓர் ஆதார சுருதி எழுந்து வரும். இந்த மெட்டுக்கென்றே வழக்கமான சுருதியைக் கலைத்து, நான்கு தந்திகளையும் ஸ, ஸ, ப, ஸ என்று கூட்டுவது அங்கே மரபு. நமக்கு அந்நியமே அல்ல! பிடிலுக்குள் ஒரு தம்பூரா புகுந்துகொண்டதுபோல் இருக்கிறது.

அப்புறம் வேகம். அப்பப்பா! மற்றவர்கள் கையில் தலை குனிந்து நடந்த நெப்போலியன், ஸ்டெப்பின் வில்லுக்கு முன்னால் குதிரையைத் தட்டிவிட்டு ஓட்டமாய் ஓடுகிறான்.

ரூத் க்ராஃபோர்ட் ஸீகர் என்ற அம்மாள் அந்தத் தட்டைக் கேட்டு, ஸ்டெப் வாசித்தபடியே ஸ்வரப்படுத்தினார். 1941-ல் அது லோமாக்ஸ் குடும்பத்தாரின் புத்தகத்தில் அச்சாயிற்று. மறு வருஷமே ஆரன் காப்லண்ட், 'ரோடியோ' என்ற நடன நாடகத்தின் முடிவுப் பகுதிக்கு அதை எடுத்துக்கொண்டார். மெட்டை மட்டுமா? ஸ்டெப்பின் அந்தப் பாய்ச்சலையும் சேர்த்துத்தான். 'ஹோ-டவுன்' என்ற பெயரில் அது உலகமெங்கும் ஆர்க்கெஸ்ட்ராக்களில் முழங்குகிறது. 1972-ல் இங்கிலாந்து ராக் குழு ஒன்று வாசித்தது. 1990-களில் அமெரிக்க டெலிவிஷனில் மாட்டிறைச்சி விளம்பரத்துக்குக்கூடப் பின்னணியாயிற்று!

கைதட்டுகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு ஸ்டெப்பைத் தெரியும்? மெட்டு ஊரார் சொத்து என்பார்கள். மெய்தான். ஆனால் அந்த ஓட்டம் ஊரார் சொத்தல்லவே. ஒரு கிழவரின் மணிக்கட்டிலிருந்து பிறந்தது. காப்லண்டின் மேதைமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயருக்கும் இடம் இருக்கிறது என்கிறேன், அவ்வளவுதான்.

ஸ்டெப் 1957-ல் காலமானார். தட்டு பிழைத்திருக்கிறது, 1997-ல் அதைக் குறுந்தகட்டிலும் வெளியிட்டார்கள். முதலில் ஆர்க்கெஸ்ட்ராவைக் கேளுங்கள், பிறகு ஸ்டெப்பை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால், கரகரப்பையும் மீறி அந்தக் கீழ் ஷட்ஜம் கேட்கும்.